‘மொடஸ்ற்’ முதல் ‘ஷை’ வரை: ஆங்கிலத்தில் அடக்கங் குறித்த சொற்களின் பொருள் வரலாறு

தோமஸ் ஹொப்ஸ் 1651 இல் வெளியிட்ட ‘லெவையதன்’ என்னும் அரசியல் நூலின் பதின்மூன்றாம் அதிகாரத்திலே, மனிதர் ஒருவரோடொருவர் பொருதுவதற்கான காரணங்கள் மூன்று கூறப்பட்டுள்ளன. முதலாவது போட்டி, மூன்றாவது புகழ் வேட்கை. இரண்டாவதை அவர் ‘டிஃபிடென்ஸ்’ என்னும் சொல்லாற் சுட்டுகின்றார். இன்றைய ஆங்கிலத்தில் இச்சொல் தன்னம்பிக்கைக் குறைவினால் எழும் தயக்கத்தைக் குறிப்பது. சபையிலே எழுந்து பேசத் தயங்கும் மாணவனிடத்துக் காணப்படும் இயல்பு அது. இப்பொருளை மனத்திற் கொண்டு ஹொப்ஸைப் படிப்பவர் இடர்ப்படுவது இயல்பே. தயங்கி நிற்பவன் எவ்வாறு போர் தொடுப்பான்?

ஹொப்ஸ் எழுதிய காலத்தில் அச்சொல்லின் பொருள் வேறு. நம்பிக்கையைக் குறிக்கும் ‘பீதெஸ்’ என்ற இலத்தீன் அடியிலிருந்து, எதிர்மறை முன்னொட்டுப் பெற்று வந்த சொல் இது. ‘நம்பாமை’ என்பதே இதன் முதற்பொருள். யாரை நம்பாமை என்பதிலேதான் மாற்றம் நிகழ்ந்தது. பதினேழாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலும் அது பிறரை நம்பாமையைக் குறித்தது. அயலவன் தாக்குவான் என்ற ஐயத்தினால் முந்திக்கொண்டு தாக்குபவனே ஹொப்ஸ் கூறும் ‘டிஃபிடென்ற்’ மனிதன். மில்டன் 1667 இல் வெளியிட்ட ‘இழந்த சுவர்க்கம்’ காவியத்திலும் இச்சொல் ஐயுறுதல் என்ற பொருளிலே ஆளப்பட்டுள்ளது. பின்னர் அவ்வையம் உள்முகமாகத் திரும்பித் தன்னையே நம்பாமை ஆயிற்று. ஒரு காலத்தில் வாளை உருவச்செய்த குணம் பிற்காலத்தில் வாயைத் திறக்கவிடாத குணமாயிற்று.

அடக்கம், மனப்பாங்கு ஆகியன பற்றி ஆங்கிலத்தில் வழங்கும் சொற்கள் பலவற்றுக்கு இத்தகைய வரலாறு உண்டு. ‘மொடஸ்ற்’, ‘ஹம்பிள்’, ‘மீக்’, ‘கோய்’, ‘டெமியூர்’, ‘பாஷ்ஃபுல்’, ‘ஷை’, ‘ரிசேர்வ்ட்’ என்பவற்றுக்கெல்லாம் நமது கையகராதிகள் அடக்கமுள்ள, நாணமுள்ள, பணிவுள்ள என்ற இரண்டு மூன்று சொற்களையே மாறி மாறித் தருகின்றன. அகராதி பார்த்து ஆங்கிலம் கற்கும் மாணவனுக்கு இவை ஒருபொருட் பன்மொழிகளாகவே தோன்றும். ஆனால் ஓர் ஆங்கிலேயரை ‘மொடஸ்ற்’ என்றால் மகிழ்வார். ‘மீக்’ என்றால் முகஞ் சுளிப்பார். இவ்வேறுபாடு எவ்வாறு ஏற்பட்டது என்பது சொல்லியலுக்கு மட்டுமுரிய வினா அன்று. எந்தக் காலத்தில், எவர், எவரிடம் அடக்கத்தை எதிர்பார்த்தனர் என்ற சமூக வரலாறும் இதனுள் அடங்கும்.

‘மொடஸ்ற்’ என்பது பதினாறாம் நூற்றாண்டில் ஆங்கிலத்திற் புகுந்தது. அளவைக் குறிக்கும் ‘மோதுஸ்’ என்ற இலத்தீன் சொல் இதன் அடி. கி.மு. 44 இல் ‘கடமைகள்’ என்னும் நூலை இயற்றிய சிசரோ, ஒழுங்கமைதி குறித்த கிரேக்கக் கோட்பாடு ஒன்றை விளக்குமிடத்து, ‘மொதெஸ்தியா’ என்ற சொல்லினுள் ‘மோதுஸ்’ அடங்கியிருத்தலை எடுத்துக்காட்டுகின்றார். எனவே, அளவறிந்து நிற்பவனே ‘மொடஸ்ற்’ ஆனவன். தன்னைக் குறைத்து மதிப்பிடுதல் இச்சொல்லின் அடிப்படையில் இல்லை என்பது ஈண்டு நோக்கத்தக்கது. குறைத்தலும் அளவு தவறுதலேயாகும்.

மனப்பாங்கைக் குறிக்கும் ‘ரெம்பரமென்ற்’ என்ற சொல்லும் அளவிலிருந்தே பிறந்தது. உரிய விகிதத்திற் கலத்தல் என்பது அதன் இலத்தீன் மூலத்தின் பொருள். மனித உடலிற் குருதி, சளி, மஞ்சட் பித்தம், கரும்பித்தம் என்னும் நான்கு நீர்மங்கள் உள்ளன என்றும், அவை கலந்துள்ள விகிதமே ஒருவரது உடல்நிலையையும் குணத்தையும் நிருணயிக்கின்றது என்றும் கிரேக்க மருத்துவர் கொண்டனர். கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த கலன் இக்கொள்கைக்கு அளித்த வடிவம் ஐரோப்பாவை ஓராயிரம் ஆண்டுகளுக்கு மேலாக ஆண்டது. வாதம், பித்தம், சிலேற்பனம் என முந்நாடி பார்க்கும் மருத்துவ மரபிற் பழகியோர்க்கு இது விளங்காததன்று. எண்ணிக்கை வேறாயினும், மிகினும் குறையினும் நோய் என்ற எண்ணம் இரண்டுக்கும் பொது.

குருதி மிக்கவன் ‘சங்குவின்’. உவகையும் ஊக்கமும் உடையவன். மஞ்சட் பித்தம் மிக்கவன் ‘கொலெரிக்’, சினப்பவன். சளி மிக்கவன் ‘ஃபிளெக்மற்றிக்’, அசையாதவன். கரும்பித்தம் மிக்கவன் ‘மெலங்கொலிக்’, துயரில் ஆழ்ந்தவன். சோசர் தமது ‘கன்ரபெரிக் கதைகள்’ நூலின் முன்னுரையிலே விருந்தோம்பும் நிலக்கிழாரைக் குருதி மிக்கவராகவும், மெலிந்த பண்ணைக் கணக்கரைப் பித்தம் மிக்கவராகவும் காட்டுகின்றார். அன்று அவை மருத்துவக் கூற்றுக்கள், இன்றோ உவமைகள்.

பதினாறாம் நூற்றாண்டின் இறுதியில், நீர்மத்தைக் குறித்த ‘ஹியூமர்’ என்ற சொல் இலண்டன் நகரில் ஒரு மோகமாகவே பரவிற்று. தமது கிறுக்குத்தனங்கள் அனைத்துக்கும் ‘இது என் ஹியூமர்’ என்று சாட்டுக் கூறுவது நாகரிகமாயிற்று. பென் ஜோன்சனின் ‘எவ்ரி மான் இன் ஹிஸ் ஹியூமர்’ நாடகம் 1598 இல் மேடையேறியது. அதில் நடித்தோர் பட்டியலில் ஷேக்ஸ்பியரின் பெயரும் உண்டு. அடுத்த ஆண்டில் எழுதிய நாடகத்தின் முன்னுரைக் காட்சியிலே, ஒருவனது உணர்வுகளையும் ஆற்றல்களையும் ஒரே திசையில் இழுத்துச் செல்லும் உண்மையான ‘ஹியூமர்’ வேறு, தொப்பியில் ஓர் இறகைச் செருகிக்கொண்டு குணமுடையோன்போல் நடிப்பது வேறு என்று ஜோன்சன் பிரித்துக் காட்டினார். உண்மைக் குணத்துக்கும் பாவனைக்கும் இடையிலான இவ்வேறுபாடு அடக்கம் குறித்த சொற்களிலும் மீண்டும் மீண்டும் தலைகாட்டுவதைப் பின்னர்க் காணலாம்.

1628 இல் வில்லியம் ஹார்வி குருதிச் சுற்றோட்டத்தை விளக்கினார். அதன்பின் கலனின் மருத்துவம் படிப்படியாகத் தளர்ந்தது. அவர் மரபில் வந்த சொற்கள் தளரவில்லை. நீர்மங்களின் சேர்க்கையைக் குறித்த ‘கொம்பிளெக்ஷன்’ முகத்தின் நிறமாகச் சுருங்கியது. ‘ஹியூமர்’ மனநிலையாகி, கிறுக்காகி, ஈற்றில் நகைச்சுவையாயிற்று. ‘ரெம்பர்’ என்ற சொல்லின் கதி மிகவும் விந்தையானது. அது முதலிற் சமநிலையையே குறித்தது. உருக்குக்கு ஏற்றப்படும் பதத்தையும் அவ்வாறே கூறுவர். ஆகவேதான் சினங் கொள்பவன் ‘ரெம்பரை’ இழந்தான் என்றனர். இழக்கப்படுவது சமநிலை. ஆனால், இச்சொல் கோபத்தோடு தொடர்ந்து ஒட்டி வழங்கியதால், கோபமே அதன் பொருளாகவும் ஆயிற்று. இன்று ஒருவர் ‘ரெம்பரில்’ இருக்கிறார் என்றாலும், ‘ரெம்பரை’ இழந்தார் என்றாலும் அவர் சினந்திருக்கிறார் என்றே பொருள். உள்ளதும் இல்லாததும் ஒன்றேயாகிவிட்ட இத்தகைய சொற்கள் எம்மொழியிலும் அரிது.

‘ஹம்பிள்’ என்பது தரையைக் குறிக்கும் ‘ஹூமுஸ்’ என்ற இலத்தீன் சொல்லோடு உறவுடையது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் பிரெஞ்சு வழியாக வந்தது. பழைய உரோமரிடையே இதன் மூலச்சொல் பெரும்பாலும் இழிவைக் குறித்தது. தாழ்ந்த குலம், தாழ்ந்த மனம் என்பன புகழுக்குரியன அல்ல. அரிஸ்டோட்டிலின் ஒழுக்கவியலிலும், தன் தகுதிக்குக் குறைவாகத் தன்னை மதிப்பவன் குறையுடையவனே. இவ்விழிசொல்லை அறச்சொல்லாக்கியது கிறித்தவம். கடவுளின்முன் மனிதன் தரையோடு தரையானவன் என்ற எண்ணம் அச்சொல்லின் பொருளை அடியோடு மாற்றியது. எனினும், பழைய பொருள் முற்றாக அழியவில்லை. ஏழையின் குடிலை ‘ஹம்பிள்’ என்று ஆங்கிலத்திற் கூறும்போது அங்கு அறம் இல்லை, வறுமைதான் உண்டு.

‘மீக்’ என்பது இலத்தீனிலிருந்து வந்ததன்று. மென்மையானது, வளையக்கூடியது என்ற பொருளுடைய வடநாட்டுச் சொல்லொன்று, ஸ்கந்தினேவியக் குடியேறிகளின் மொழியிலிருந்து ஆங்கிலத்துக்குக் கிடைத்தது. பதினான்காம் நூற்றாண்டின் விக்ளிஃப் விவிலியம் மலைப்பொழிவில் இச்சொல்லைப் பயன்படுத்தவில்லை. அங்கு ‘மைல்ட்’ என்பதே உள்ளது. 1526 இல் கிரேக்கத்திலிருந்து நேரே மொழிபெயர்த்த வில்லியம் ரின்டேல் ‘மீக்’ என்பதை அவ்விடத்தில் வைத்தார். 1611 ஆம் ஆண்டின் அரச விவிலியமும் அதனையே ஏற்றது. தமிழ் விவிலியத்திலே இதற்குச் சாந்தகுணம் என்றும், ‘ஹியூமிலிற்றி’ என்பதற்கு மனத்தாழ்மை என்றும் வேறுபடுத்தி வழங்குவதைக் காணலாம். சாந்தம் என்ற சொல்லில் ‘மீக்’ இன் பழைய மதிப்புக் குன்றாதிருக்கின்றது. ஆங்கிலத்தில் அது குன்றிவிட்டது.

சோசரின் வீரரை ஈண்டு நினைவுகூர்தல் தகும். பதினைந்து பெரும்போர்களிற் பொருத அப்பெருவீரரின் நடத்தை ஒரு கன்னியினதைப்போல் ‘மீக்’ ஆனது என்கிறார் கவிஞர். இன்று எந்தப் படைவீரரும் இதனைப் புகழாகக் கொள்ளார். வலிமையுடையோன் அதனைக் காட்டாது அடக்கிக்கொள்ளுதல் அன்றைய ‘மீக்’; வலிமையே இல்லாதோன் அடங்கிப்போதல் இன்றைய ‘மீக்’. அதே முன்னுரையில் வரும் கன்னிமடத் தலைவியின் புன்னகை ‘கோய்’ எனப்படுகின்றது. அமைதியைக் குறித்த ‘குவியெற்றுஸ்’ என்ற இலத்தீன் சொல்லின் வழிவந்த இச்சொல்லுக்கு அப்போது பொருள் அமைதி, அடக்கம் என்பனவே. அந்த அமைதியிலே நடிப்பும் உண்டென்பதைச் சோசர் குறிப்பாற் காட்டியிருக்கலாம். சொல் அதனைக் கூறவில்லை. ஆனால் 1681 இல் அச்சேறிய அன்ட்ரூ மார்வெலின் புகழ்பெற்ற கவிதையின் தலைப்பில் வரும் ‘கோய்’, காதலனை விலக்கி விலக்கிக் காலங் கடத்துபவளைக் குறிக்கின்றது. ‘டெமியூர்’ என்பதற்கும் இவ்விதியே நேர்ந்தது. மில்டனின் இளமைக்காலக் கவிதையொன்றில் துறவுக் கன்னிக்குரிய உயர்ந்த அடைமொழியாக நின்ற அச்சொல், பின்னர்ப் பாசாங்கான அடக்கத்தையும் குறிக்கலாயிற்று. 2024 இல் சமூக ஊடகங்கள் வழியாக அது திடீரெனப் பரவியபோது, அமெரிக்க இணைய அகராதியொன்று அதனை அவ்வாண்டின் சொல்லாகத் தெரிவுசெய்தது. அப்போதும் அது பாதி விளையாட்டாகவே வழங்கிற்று.

பெண்களுக்கு அடைமொழியாகிய அடக்கச் சொற்களே பெரும்பாலும் பாசாங்கின் நிழல் படிந்தவையாயின என்பது தற்செயலன்று. அடக்கம் ஒருவரின் இயல்பாக அல்லாது அவரிடம் கேட்டு வாங்கப்படும் பொருளாகும்போது, அது உண்மையா நடிப்பா என்ற ஐயமும் கேட்பவரிடமே பிறக்கின்றது.

பதினெட்டாம் நூற்றாண்டில் இக்கேள்வி வெளிப்படையாயிற்று. 1774 இல் வெளியான ‘ஒரு தந்தை தம் புதல்வியர்க்கு விட்டுச்செல்லும் மரபுடைமை’ என்ற நூலில், மருத்துவர் ஜோன் கிரெகரி, பெண் நாணி முகஞ் சிவப்பதை நிறுத்தும்போது அவளழகின் மிகப்பெரிய கவர்ச்சி போய்விடுகின்றது என்றார். கல்வி இருந்தாலும் அதனை ஆடவர் அறியாது மறைத்துக்கொள்ளுமாறும் புதல்வியர்க்கு அறிவுரை கூறினார். இந்நூல் பல பதிப்புக்களைக் கண்டது. கற்பு, நாணம், அறியாமை, பேசாமை யாவும் ‘மொடஸ்ரி’ என்ற ஒரே சொல்லினுள் திணிக்கப்பட்டன.

இத்திணிப்பைப் பிரித்தெறிந்தவர் மேரி வொல்ஸ்ரன்கிராஃப்ற். 1792 இல் வெளிவந்த ‘பெண்ணுரிமைகளின் நியாயம்’ என்னும் நூலின் ஏழாம் அதிகாரத்துக்கு அவர் ‘மொடஸ்ரி’ என்றே தலைப்பிட்டு, அதனைப் பால்சார்ந்த அறமாகவன்றி முழுமையாக ஆராய்வதாக அத்தலைப்பிலேயே குறித்தார். அவர் செய்தது ஒரு சொற்பொருட் பகுப்பு. தன்னைப் பற்றித் தகுதிக்கு மேலாக எண்ணாதிருக்கும் மனத்தெளிவு ‘மொடஸ்ரி’. தன்னைத் தாழ்த்திக்கொள்ளுதல் ‘ஹியூமிலிற்றி’. இரண்டும் ஒன்றல்ல. அமெரிக்கப் படைகளின் தலைமையை ஏற்ற ஜோர்ஜ் வொஷிங்ரன் ‘மொடஸ்ற்’ ஆனவர். தமது ஆற்றலை அளவறிந்து மதித்தமையாலேயே அவராற் பொறுப்பை ஏற்க முடிந்தது. வெறுமனே ‘ஹம்பிள்’ ஆக இருந்திருப்பின் துணிவின்றிப் பின்வாங்கியிருப்பார் என்பது வொல்ஸ்ரன்கிராஃப்ற் வாதம். ‘பாஷ்ஃபுல்’ என்பதையும் அவர் தனியே பிரித்தார். திகைப்பில் வாய் பிளத்தலைக் குறிக்கும் பழைய பிரெஞ்சுச் சொல்லொன்றின் வழிவந்தது அது. நாணிக் கோணுதல் உலகம் அறியாமையின் விளைவே என்றும், அறியாமை நீங்கும்போது அதே பெண் அல்லது அதே நாட்டுப்புற இளைஞன் நாணமற்றவராய் மாறக்கூடும் என்றும் அவர் சுட்டினார். அறிவினால் வளர்வது அடக்கம். அறியாமையினால் நிலைப்பது கூச்சம். பெண்ணுக்குக் கல்வி கொடுத்தால் அடக்கம் கெடும் என்ற அக்கால வாதத்தின் வேரை இவ்விரண்டு சொற்களின் பிரிப்பு அறுத்துவிடுகின்றது. சொல்லாராய்ச்சி உரிமைப் போராட்டத்தின் கருவியாகிய இடம் இது; அந்நூலைப் படிப்போர் பலர் இவ்வதிகாரத்தை விரைந்து கடந்துவிடுவது வருந்தத்தக்கது.

இதே காலப்பகுதியில் ஒருபொருட் சொற்களை வேறுபடுத்தும் நூல்களும் ஐரோப்பாவில் வளர்ந்தன. பிரான்சில் கப்ரியேல் ஜிரார் 1718 இல் இதனைத் தொடக்கிவைத்தார். இங்கிலாந்தில் ஜோன் ரஸ்லர் 1766 இலும், டொக்ரர் ஜோன்சனின் நண்பராயிருந்த ஹெஸ்ரர் பியோசி 1794 இலும் இத்துறையில் நூல்கள் வெளியிட்டனர். இவ்வரிசையிற் பெரிதும் பயின்றது 1816 இல் வெளிவந்த ஜோர்ஜ் கிராப் இயற்றிய நூல். கிராப்பும் ‘மொடஸ்ரி’ என்பதை மனத்தின் நிலையான பண்பாகவும், ‘பாஷ்ஃபுல்நெஸ்’ என்பதை உணர்ச்சி நிலையாகவும் பிரிக்கின்றார். முன்னது எக்காலத்துக்கும் தகும். பின்னது எவர்க்குத் தகும்? பெண்களுக்கும், பெரியோர் முன்னிலையில் மிக இளையோர்க்கும் மட்டுமே தகும் என்கிறார் அவர். வொல்ஸ்ரன்கிராஃப்ற் பிரித்தெறிந்த குறையை, இருபத்துநான்கு ஆண்டுகளின்பின் ஒரு சொற்பொருள் நூல் மீண்டும் பெண்ணின் அணிகலனாக எடுத்து வைத்தது. நடுநிலையாகத் தோன்றும் இத்தகைய நூல்களும் தம் காலத்தின் மனப்போக்கை மீறியவை அல்ல.

‘ஹம்பிள்’ என்பதற்கும் இதே நூற்றாண்டில் எதிர்ப்பு எழுந்தது. டேவிட் ஹியூம் 1751 இல் ‘ஹியூமிலிற்றி’யைத் துறவிகளுக்குரிய போலி அறங்களின் வரிசையில் வைத்து, தனக்கும் சமூகத்துக்கும் பயன்படாதது என ஒதுக்கினார். அது தத்துவஞானியின் எதிர்ப்பு. சமூக எதிர்ப்பு ஒரு நூற்றாண்டின் பின் நாவலில் வந்தது. 1849 - 1850 இல் வெளியான டிக்கன்ஸின் ‘டேவிட் கொப்பர்ஃபீல்ட்’ நாவலில் உரியா ஹீப் என்ற எழுதுவினைஞன் தன்னை ஓயாது ‘அம்பிள்’ என்று கூறிக்கொண்டு, முதலாளியின் உடைமையைத் தன்வயப்படுத்துகின்றான். அவனை வெறும் கபடனாகக் கொள்வது வாசகர் வழக்கம். ஆனால் ஓரிடத்தில் அவன் தன் வரலாற்றைக் கூறுகின்றான். தானும் தன் தந்தையும் தருமப் பாடசாலைகளில் வளர்ந்ததையும், அங்கே காலை முதல் மாலை வரை பணிவைத் தவிர வேறெதுவும் அதிகம் கற்பிக்கப்படாததையும், எவரைக் கண்டாலும் தொப்பியைக் கழற்றப் பழக்கப்பட்டதையும் சொல்கின்றான். அவ்விடத்தில் டேவிட்டே ஒரு கணம் திகைத்துப்போகின்றான். விளைவைக் கண்ட அவன் விதையைப் பற்றி அதுவரை நினைத்ததில்லை.

‘ஷை’ என்ற சொல் குதிரையிலிருந்து மனிதனுக்கு வந்தது என்று கூறினும் தகும். பழைய ஆங்கிலத்தில் எளிதில் மிரளுதலை அது குறித்தது. குதிரை மிரண்டு விலகுவதற்கு இன்றும் இச்சொல்லே வினையாக வழங்குகின்றது. இதில் அறமும் இல்லை, குற்றமும் இல்லை, வெறும் இயல்பு. அதனாலேதான் விஞ்ஞானிகளுக்கு இது ஏற்ற சொல்லாயிற்றுப் போலும். 1872 இல் வெளியான மெய்ப்பாடுகள் பற்றிய தமது நூலின் இறுதிப் பகுதியில், சார்ள்ஸ் டார்வின் முகஞ் சிவத்தலை ஆராயுமிடத்து, ‘ஷைனெஸ்’ அச்சத்தோடு தொடர்புடையதாயினும் சாதாரண அச்சமன்று என்றார். போர்க்களத்தில் வீரனாக நிற்பவனும் அந்நியர் முன்னிலையில் அற்ப விடயங்களுக்காகக் கூசலாம். பிறர் தன்னை எவ்வாறு மதிப்பர் என்ற கூருணர்வே அதன் காரணம் என்பது அவர் கருத்து. இருபதாம் நூற்றாண்டில் யுங் 1921 இல் அகமுகர், புறமுகர் என்ற பாகுபாட்டைப் பரப்பியபின், தனிமையை விரும்புபவனும் கூட்டத்துக்கு அஞ்சுபவனும் வேறானவர் என்பது தெளிவாயிற்று. 1980 இல் அமெரிக்க உளமருத்துவச் சங்கத்தின் கைந்நூல் சமூக அச்சத்தைத் தனியொரு நோயாகப் பட்டியலிட்டது. குழந்தைகளின் பிறவி மனப்பாங்கை நெடுங்காலம் ஆராய்ந்த ஜெரோம் கேகன் 1994 இல் தமது நூலுக்கு இட்ட பெயர் ‘கலனின் தீர்க்கதரிசனம்’ என்பதாகும். நீர்மங்கள் போயினும் ‘ரெம்பரமென்ற்’ திரும்பிவந்தது.

இச்சொற்களின் எல்லைகளை நன்கறிந்த ஆங்கிலேயர் ஒருவர் தமிழ் நூலொன்றை மொழிபெயர்க்க முற்பட்டபோது நேர்ந்ததும் குறிப்பிடத்தக்கது. ஜி. யு. போப் 1886 இல் திருக்குறளின் மொழிபெயர்ப்பை வெளியிட்டார். அடக்கமுடைமை என்ற பதின்மூன்றாம் அதிகாரத்துக்கு அவர் ‘மொடஸ்ரி’ என்று தலைப்பிடவில்லை. தன்னைத் தான் கட்டுப்படுத்தல் என்று பொருள்படும் ‘செல்ஃப்-ரெஸ்ட்ரெயின்ற்’ என்பதையே தெரிந்தார். நாணுடைமை என்ற 102 ஆம் அதிகாரத்துக்கு ‘பாஷ்ஃபுல்’, ‘ஷை’ என்ற அடிகளிலிருந்து எதனையும் எடுக்காமல் ‘ஷேம்’ என்றார். அவ்வதிகாரத்தின் முதற்குறளே தகாத செயலுக்கு நாணுவதையும், பெண்டிர்க்குரிய நாணத்தையும் இருவேறாகப் பிரிப்பது. ஒரே தமிழ்ச் சொல் இரு பொருளில் நிற்கும் அவ்விடத்தில், முதலாவதைக் குறிக்க வெறும் ‘ஷேம்’ போதாதெனக் கண்ட போப், பெருந்தகைமையைச் சுட்டும் ஓர் அடைமொழியை அதன்முன் சேர்த்தார். இரண்டாவதற்குப் பெயரே தராது, அது வேறு என்று மட்டும் குறிப்பிட்டு அமைந்தார்.